சாஞ்சு ஓடுற சைக்கிளில கால் வடிவா எட்டுதில்லை, சீற்றைப் பதிக்கிறதோ கிராங்கை மாத்துறதோ?

கோண்டாவில்காரி:

எல்லாருக்கும் வணக்கம். அண்ணா ஹொலண்டில ஓடின ரிக்கம்பன்ற் சைக்கிள் ஒண்டை, அதுதான் சாஞ்சு இருந்து காலை முன்னுக்கு நீட்டி உழக்கிற சாதி, இந்தமுறை சாமானோட சாமானாய் எனக்கு அனுப்பி விட்டிருக்கிறார். எனக்கு நாரி நோ கன காலமாய் இருக்கு, சாதாரண சைக்கிளில பள்ளிக்கூடம் போய் இறங்கேக்க நிமிரவே ஏலாது, அதாலதான் இதை ஓடிப் பார் எண்டு அனுப்பினவர். நாரிக்கு உண்மையாவே சுகமாய்த்தான் இருக்கு, அதில ஒரு குறையும் சொல்லேலாது. பிரச்சினை கால்.

அண்ணா 5 அடி 8, நான் 5 அடி 1. வண்டிக்கு ரெண்டு சில்லு, முன் சில்லு 20 இஞ்சி, பின்னுக்கு 26. பெடல் முன் சில்லுக்கும் முன்னால ஒரு குழாயின்ர நுனியில நிக்குது. அந்தக் குழாயை உள்ளுக்குத் தள்ளலாம் எண்டு அண்ணா போனில சொன்னவர், இஞ்ச ஒரு சைக்கிள் கடையில குடுத்து முழுக்கத் தள்ளியாச்சு, இனித் தள்ள இடமில்லை. அப்பிடியும் பெடல் ஆகத் தூரத்துக்குப் போகேக்க கால் முழுசா நீண்டு விரல் நுனியாலதான் தள்ளுறன், இடுப்பு அங்கால இஞ்சால ஆடுது, கொஞ்சத் தூரம் போக முழங்காலுக்குப் பின்பக்கம் நோகத் தொடங்குது. வளைக்கேக்க குதிக்கால் முன் சில்லில முட்டுது. இதுக்குள்ள சீற்றும் உயரம், சந்தியில நிப்பாட்டினா கால்நுனிதான் நிலத்தில படுது, பின்னால ஓட்டோ ஹோர்ன் அடிச்சா கை கால் பதறுது.

கடைக்காரர் சொல்லுறார் சீற்றைப் பதிச்சா எல்லாம் சரி வரும் எண்டு. அண்ணா சொல்லுறார் கிராங்கை, அதுதான் பெடல் பூட்டியிருக்கிற தண்டை, மாத்து எண்டு, அதில 170 எண்டு மில்லிமீற்றர் நீளம் அடிச்சிருக்கு. எதை முதல் செய்யிறது? குழாயை உள்ளுக்குத் தள்ளினதால செயினும் தொங்குது, வெட்டிவிடட்டோ எண்டு கடையில கேக்கினம். வெட்டலாமோ?


சாரமும்சைக்கிளும்:

தங்கச்சி குறை நினையாதேங்கோ, உதை ஆரும் விரும்பினாக்களுக்குக் குடுத்துப்போட்டு ஒரு லேடீஸ் லுமாலா வேண்டி காண்டிலைக் கொஞ்சம் உயத்திப் போட்டு நிமிந்து இருந்து ஓடுங்கோ. எங்கட ஆக்கள் மூட்டை மூட்டையாய் சாமான் கட்டி ஓடினது எல்லாம் நிமிந்து இருந்துதான். உதில சாரத்தோடயும் ஏறேலாது, சீலையோடயும் ஏறேலாது. நாய் கலைச்சா காலைத் தூக்குவம் எண்டாலும் கால் ஏற்கனவே மேலதான் கிடக்கு.


ரொறன்ரோ_மானிப்பாயான்:

அண்ணை உங்கட நாய்க் கதைக்கு என்னட்ட பதில் இல்லை, ஆனா வண்டியைக் கேவலமா எண்ணாதேங்கோ. 1933 இல பாரிசில பிரான்சிஸ் ஃபோர் எண்ட, அப்ப பெரிசா ஆரும் கணக்கெடுக்காத ஒரு ஓட்டக்காரன், மோஷே எண்டவர் செய்த சாஞ்சு ஓடுற வண்டியில ஒரு மணித்தியாலத்தில 45.055 கிலோமீற்றர் ஓடி, 1914 இல இருந்து ஒஸ்கார் எக் எண்ட ஓட்டக்காரன் வைச்சிருந்த 44.247 சாதனையை முறிச்சவன். அடுத்த வருசமே சர்வதேச சைக்கிள் சங்கம் உப்பிடியான வண்டியளைப் போட்டியில இருந்து தள்ளிப்போட்டுது. அதால வந்த வினைதான் கடையளில உதின்ர அளவு தெரிஞ்ச ஆக்கள் இல்லாமப் போனது, இஞ்ச கனடாவிலயும் சாதாரண கடையில கொண்டுபோய் விட்டா முழிப்பினம்.

அக்கா, முதல் ஒரு விசயம். நிமிந்து ஓடுற சைக்கிளில பெடல் சீற்றுக்குக் கீழ நிக்குது, அதால சீற்றை உயத்தினா கால் நீளும், பதிச்சா மடங்கும், கடைக்காரருக்கு அந்தப் பழக்கம். உங்கட வண்டியில பெடல் சீற்றுக்கு நேர முன்னால. சீற்றை எவ்வளவு பதிச்சாலும் பெடல் கிட்ட வராது. சீற் உயரம் நிலத்தில கால் ஊண்டுறதுக்கு, காலின்ர நீட்டம் பூமுக்கும் கிராங்குக்கும், ரெண்டையும் சேத்துக் குழப்பாதேங்கோ. பூம் எண்டுறது உங்கட அந்த முன்குழாய்தான்.

இன்னொண்டு, சீற்றைக் கனக்கப் பதிச்சா பெடல் உங்களை விட இன்னும் உயரத்தில நிக்கும். அப்ப பாதம் விறைக்கும், முழங்கால் எழும்பி றோட்டையும் மறைக்கும். அதால அதைக் கடைசியா வைச்சுக்கொண்டு முதல் அளவு எடுங்கோ.

சப்பாத்துக் கழட்டிப்போட்டு சுவரில முதுகும் இடுப்பும் நல்லா முட்ட நிலத்தில இருந்து, காலை நேரா நீட்டி உள்ளங்காலுக்கு ஒரு தடிச்ச புத்தகத்தைச் செங்குத்தா வைச்சு, சுவரில இருந்து புத்தகம் மட்டும் எவ்வளவு எண்டு ஆரையும் கொண்டு அளப்பியுங்கோ. ரிக்கம்பன்ற் செய்யிறவை ஆளின்ர உயரத்தை விட இந்த அளவைத்தான் கேப்பினம், ஒரே உயரமான ரெண்டு பேருக்கு காலும் உடம்பும் ஒரே கணக்கில இராது.

பிறகு வண்டியில ஏறி ஆரையும் பிடிக்கச் சொல்லி, ஓடேக்க போடுற சப்பாத்தோடயே, இடுப்பைச் சீற்றின்ர மூலைக்குள்ள தள்ளி இருந்துகொண்டு குதிக்காலைப் பெடலில வைச்சு பெடலை ஆகத் தூரத்துக்கு விடுங்கோ. கால் நேரா நீண்ட நிலையில குதிக்கால் பெடலைச் சும்மா தொட்டுக்கொண்டு நிண்டா அளவு சரி. பிறகு முன்பாதத்தை வைக்கேக்க முழங்கால் 25, 30 பாகை மடிஞ்சு நிக்கும், அதுதான் வேணும். உங்களுக்கு எத்தினை விரல்கடை எட்டாம நிக்குதெண்டு பாத்துச் சொல்லுங்கோ. முழங்காலுக்குப் பின்பக்கம் நோ எண்டா தூரம் கூட, முழங்கால் சில்லைச் சுத்தி முன்பக்கம் நோ எண்டா கிட்ட, பொதுவா இப்பிடித்தான் வாறது.

செயினை இப்ப வெட்ட விடாதேங்கோ!!


கணக்குவாத்தி:

கிராங்கைக் குறுக்கினா பூமை அதே அளவுக்கு வெளிய இழுக்க வேணும் எல்லோ? 170 ஐ 150 ஆக்கினா ஆகத் தூரத்துப் பெடல் 20 மில்லிமீற்றர் கிட்ட வரும், பழைய நீட்டம் வேணுமெண்டா பூம் 20 வெளிய, செயின் மேலயும் கீழயும் 20, மொத்தம் 40 கூட. செயினில ஒரு லிங்க் அரை இஞ்சி, 12.7. அப்ப நாலு லிங்க் சேக்க வேணும். இவ செயினை வெட்டினா பிறகு துண்டு தேடி அலைய வேண்டி வரும்.


ரொறன்ரோ_மானிப்பாயான்:

கணக்குச் சரி சேர், ஆனா அது ஏற்கனவே நீட்டம் பொருந்தின ஆளுக்கு. இவவுக்குப் பூம் முழுக்க உள்ள போயும் பெடல் இன்னும் தூரம். பூம் போகேலாத மிச்சத் தூரத்தைக் கிராங்க்தான் குடுக்கப்போகுது, அதால பூமை அசைக்கத் தேவையில்லை. கிட்டத்துப் பெடலும் 20 முன்னுக்குத் தள்ளி நிக்கும், முழங்கால் நெஞ்சுப் பக்கம் அவ்வளவு மடிஞ்சு வராது. குட்டையான ஆக்களுக்கு இது பெரிய ஆறுதல். 170 எண்டுறது சராசரி ஆம்பிளையளுக்கு எண்டு பழக்கத்தில வந்த அளவு, 5 அடி ஆளுக்கும் 6 அடி ஆளுக்கும் ஒரே கிராங்கைப் பூட்டி விக்கிறதில என்ன நியாயம் எண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்ல. சாஞ்சு ஓடுறாக்கள் கனபேர் 155, 150 எண்டு இறங்கீட்டினம், 140 போடுற ஆக்களும் இருக்கினம்.

குதிக்கால் சில்லில முட்டுறதும் இதோட குறையும், பெடல் சுத்துற வட்டம் சின்னனாகும் எல்லோ. பூமை உள்ளுக்குத் தள்ளத் தள்ள பெடல் முன் சில்லுக்குக் கிட்ட வரும், அதாலதான் உங்களுக்கு இவ்வளவு மோசமா முட்டுது. முழுசா இல்லாமப் போகாது, மெதுவா வளைக்கேக்க கொஞ்சம் கவனம் வேணும்.


பண்ணைக்காத்து:

நான் யாழ்ப்பாணத்திலேயே உப்பிடி ஒண்டு ஓடுறன் அக்கா, வேலணைப் பக்கம் போய் வாறனான். சோளகக் காத்து நேரம் பண்ணைப் பாலத்தால போகேக்க மற்றவை காண்டிலில நெஞ்சை வைச்சு உழக்குவினம், நான் பேசாமப் போவன், அந்த ஒரு சுகத்துக்கே உதை வைச்சிருக்கலாம்.

சீற் உயரத்துக்கு என்ர அனுபவம் என்னெண்டா, ரெண்டு காலும் முழுசாப் பட வேணுமெண்டு இல்லை. வண்டியைக் கொஞ்சம் இடப்பக்கம் சரிச்சு ஒரு காலின்ர முழுப்பாதம் ஊண்டினாக் காணும். முதல்ல சீற்றின்ர சாய்வைப் பாருங்கோ. கனக்கச் சாஞ்சு இருந்தா முன்விளிம்பு தொடைக்குக் கீழ முட்டி காலை நிலத்துக்கு விடாது. முதுகைக் கொஞ்சம் நிமித்தி விட்டாலே கால் இறங்கும், பழகினாப் பிறகு திரும்பச் சாய்க்கலாம். சாய்வை மாத்தினா இடுப்பு இருக்கிற இடமும் மாறும், அதால குதிக்கால் அளவைத் திருப்பிப் பாக்க வேணும். சீற் மெத்தை தடிப்பெண்டா மெல்லிசா ஒண்டு போடுங்கோ, இருந்தா அமுங்கிற மொத்தப் பஞ்சை விட இறுக்கமான மெல்லிசு நல்லது. பிறகு ரயர். பின்னுக்கு 2 இஞ்சி மொத்த ரயர் கிடந்தா ஒண்டேகால் அளவில மாத்தினா பின்பக்கம் அரை இஞ்சிக்கு மேல பதியும், முன்னுக்கும் அதே மாதிரிச் செய்யாட்டி சாய்வு கொஞ்சம் மாறும்.

ரயர் வேண்டேக்க கவனம். பின் சில்லு மவுண்டன் பைக் 26 எண்டா ரயரின்ர பக்கத்தில 559 எண்டு இருக்கும். எங்கட சாதாரண சைக்கிளின்ர 26 ஒண்டும் மூண்டின் கீழ் எட்டும் எண்ட ரயர் 590. ரெண்டுக்கும் பேர் 26 தான், ஆனா ஒண்டுக்கொண்டு ஏறாது, கடையில 26 எண்டு மட்டும் கேட்டா எதைத் தருவினம் எண்டு சொல்லேலாது. முன் 20 இஞ்சியிலயும் 406, 451 எண்டு ரெண்டு சாதி. 406 எண்டா சின்னப் பிள்ளையளின்ர சைக்கிள் ரயரே காணும், 451 எண்டா அண்ணாட்டத்தான் சொல்ல வேணும்.

இதை மட்டும் வடிவா வாசியுங்கோ. செருப்போட ஓடாதேங்கோ. உதில கால் பெடலுக்குப் பின்னால நிக்குது, மேல இல்லை, அதால பாரமே காலைக் கீழ இழுக்கும். ஓடிக்கொண்டிருக்கேக்க கால் வழுகி நிலத்தில பட்டா வண்டி பாட்டுக்கு முன்னால போகும், கால் அடியில மாட்டுப்படும். மூண்டு சில்லு வண்டியளில இப்பிடிக் கால் முறிஞ்ச ஆக்கள் இருக்கினம். பெடலில ஒரு வார் போட்டு, குதிக்காலுக்குப் பின்னாலயும் ஒரு வளையம் மாதிரிப் போட்டா நல்லது, ஆனா இறுக்கிக் கட்டாதேங்கோ, சந்தியில கால் சட்டெண்டு வெளிய வரவேணும். பஞ்சாபி போடுறனீங்களெண்டா சோலை, அதுதான் துப்பட்டாவை, முடிஞ்சு கட்டுங்கோ, பின் சில்லு உங்கட தோளுக்குக் கிட்டத்தான் சுத்துது.

நிப்பாட்டுறதுக்கு முன்னமே கியரைக் குறைச்சுப்போடுங்கோ. சாதாரண சைக்கிளில எழும்பி நிண்டு உழக்கி எடுக்கலாம், இதில எழும்பேலாது, பாரமான கியரில நிண்டா எடுக்கேக்க ஆடும், உங்கட பதட்டத்தில பாதி அதாலதான் எண்டு நினைக்கிறன். பின்னேரத்தில முத்தவெளியில நல்லா ஓடிப் பழகிப்போட்டு பலாலி றோட்டுக்குப் போங்கோ. பின்னால ஒரு கம்பில கொடியும் கட்டுங்கோ, பஸ்காரருக்கு உங்களைத் தெரிய வேணும்.


கோண்டாவில்காரி:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு எழுதுவியள் எண்டு நினைக்கேல்ல. அளந்தாச்சு. சுவரில இருந்து உள்ளங்கால் மட்டும் 94 சென்ரிமீற்றர். குதிக்கால் பெடலுக்கு ரெண்டு சென்ரிமீற்றர் அளவில எட்டாம நிக்குது. சீற்றின்ர முதுகை ஒரு ஓட்டை நிமித்திப் பாத்தன், இடப்பக்கம் சரிச்சா பாதம் முக்கால்வாசி படுது, கால் நிலத்தில பட்டதே பெரிய தைரியம். நிமித்தின பிறகும் குதிக்கால் அளவு அப்பிடியேதான், பெரிசா மாறேல்ல.

அப்ப 150 தானோ? இஞ்ச எங்கயும் கிடைக்குமோ, இல்லாட்டி இருக்கிறதையே குறுக்கேலுமோ? கிராங்க் குறுகினா உழக்கப் பாரமாய் இருக்காதோ எண்டும் ஒரு பயம்.


கணக்குவாத்தி:

பாரம் கூடும், அது உண்மை. அதே திருகு விசை வேணுமெண்டா 150 இல காலால 170/150, அதாவது 13 சதவீதம் அளவில கூடத் தள்ள வேணும். ஆனா அதைக் கியரால எடுத்துப்போடலாம். முன் பல்லுச் சில்லு 50 பல்லு எண்டா 44 ஆக்குங்கோ, 50 ஐ 150 ஆல பெருக்கி 170 ஆல பிரிச்சா 44 சொச்சம், காலுக்குப் பழைய பாரம்தான் தெரியும். அதே வேகத்துக்குக் கொஞ்சம் கூடச் சுத்த வேணும், வட்டம் சின்னன் எண்டதால கால் அதைப் பெரிசா உணராது. எங்கட ஊரில ஏத்தம் எண்டு ஒண்டும் இல்லையே, பாலங்களை விட்டா. முன்னுக்கு எத்தினை பல்லு எண்டு எண்ணிச் சொல்லுங்கோ.


சுன்னாகம்_லேத்:

தங்கச்சி, கிராங்க் குறுக்கிற வேலை நாங்கள் செய்வம், ஆனா எல்லாக் கிராங்குக்கும் இல்லை. பழைய பெடல் ஓட்டைக்கு உள்பக்கமா புது ஓட்டை துளைச்சு மரை வெட்டுறதுதான் வேலை. பெடல் மரை 9/16 இஞ்சி, இஞ்சிக்கு 20 புரி. வலப்பக்கம் சாதாரண மரை, இடப்பக்கம் எதிர்மரை. இதைத் தெரியாம ரெண்டு பக்கமும் ஒரே ரப், அதுதான் மரை வெட்டுற ஆயுதம், போட்டு வெட்டினா இடப் பெடல் உழக்க உழக்கக் கழண்டு வரும். எதிர்மரை ரப் இல்லாத பட்டறையில குடுக்காதேங்கோ.

ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவில 20 மில்லிமீற்றர் எண்டா இடையில மிஞ்சுற உலோகம் ஒரு ஆறு மில்லிமீற்றர்தான், கெட்டி அலுமினியமெண்டா தாங்கும். கிராங்கைத் திருப்பி முதுகுப் பக்கம் பாருங்கோ. தட்டையாய், கெட்டியாய் இருந்தா சரி. நடுவில பள்ளம் ஓடியிருந்தா மரை பிடிக்கத் தடிப்புக் காணாது, துளைக்கக் கூடாது. உள்ள கோறையான கிராங்க், காபன் கிராங்க், ரெண்டும் கையே வைக்கப்படாது. பக்கத்தில ஒரு தகட்டைப் பூட்டி ஓட்டையைக் கிட்டக் கொண்டுவாற செற்றும் இருக்கு, ஆனா அது பெடலை வெளிப்பக்கம் தள்ளும், கால் அகண்டு நிக்கும், முழங்கால் நோகிற ஆளுக்கு நான் சொல்லமாட்டன்.

பூம் இறுக்கிற அலன் போல்ற் ரெண்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்கோ, ஒண்டை முழுக்க இறுக்கிப்போட்டு மற்றதுக்குப் போகாதேங்கோ. இறுக்க முதல் முன்னால நிண்டு பாருங்கோ, கிராங்க் அச்சு நிலத்துக்கு மட்டமாய் இருக்கோ எண்டு. சரிஞ்சு நிண்டா ஒரு முழங்கால் மட்டும் நோகும், ஏனெண்டு விளங்காம மருந்து பூசிக்கொண்டிருப்பியள். பூமுக்குள்ள கிறீசும் பூசி விடுங்கோ, எங்கட உப்புக் காத்துக்கு அலுமினியம் இரும்புக்குள்ள பிடிச்சா பிறகு ஆராலும் கழட்டேலாது.


கோண்டாவில்காரி:

பாத்தன் அண்ணை. முதுகுப் பக்கம் நீளத்துக்குப் பள்ளம் ஓடியிருக்கு. முன் பல்லு எண்ணினா 50, ஒரு சில்லுதான். அச்சு நுனி சதுரம்.


ரொறன்ரோ_மானிப்பாயான்:

அப்ப துளைக்கிற கதையை விடுங்கோ. சதுர அச்செண்டது நல்லது, அதுக்குக் கிராங்க் தேடுறது சுகம். 150 அல்லது 152, சதுர அச்சு, 44 பல்லு எண்டு அண்ணாட்டச் சொல்லுங்கோ, பிள்ளையளின்ர சைக்கிளுக்கு எண்டு விக்கிற நல்ல அலுமினியக் கிராங்க் 152 இல வரும். சதுரத்திலயும் ரெண்டு அளவு இருக்கு, பழைய கிராங்கின்ரயோ அச்சின்ரயோ பேரைப் படம் எடுத்து அனுப்பினா அவர் பாத்து வேண்டுவார். வந்து பூட்டினாப் பிறகு குதிக்கால் அளவைத் திரும்பப் பாருங்கோ, தேவையெண்டா அஞ்சு அஞ்சு மில்லிமீற்றரா பூமை அசைச்சு ஓடிப் பாருங்கோ, ஒரே நாளில சாய்வு, பூம், மெத்தை எல்லாத்தையும் மாத்தினா எது உதவினது எண்டு தெரியாது.


சாரமும்சைக்கிளும்:

தங்கச்சி அது வரைக்கும் பள்ளிக்கூடத்துக்கு எதில போறியள்?


கோண்டாவில்காரி:

பஸ்ஸில அண்ணை :) சரி, செயின்?


சுன்னாகம்_லேத்:

புதுப் பல்லுச் சில்லு பூட்டினாப் பிறகுதான் வெட்டுறது. 50 இல இருந்து 44 எண்டா பல்லுக் குறையிறதுக்கும் மூண்டு லிங்க் அளவு மிச்சம் வரும், பூம் உள்ள போனதாலயும் மிச்சம் கிடக்கு, எல்லாத்தையும் ஒரேயடியா எடுக்கலாம். பின்னுக்கு ஆகப் பெரிய பல்லில செயினைப் போட்டு அப்பவும் இழுபடாம இருக்கிற அளவில வெட்டுவம். வெட்டின துண்டை எறியாதேங்கோ, எங்கட ஒரு பல்லுச் சைக்கிள் செயின் அகலம், கியர் வண்டிக்கு ஓடாது, பிறகு ஒரு லிங்க் வேணுமெண்டாலும் அந்தத் துண்டுதான் உதவும். கிராங்க் கழட்டுற புளர் என்னட்ட இருக்கு, அதையும் சேத்து அண்ணாவை வேண்டப் பண்ணாதேங்கோ.